கயாக்கிலிருந்து நண்டுக்கூடு இழுக்கும்போது படகு சாய்கிறது: கூடு, கயிறு, இரை பற்றிச் சில கேள்விகள்

முகத்துவாரம்:

வணக்கம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்கிலிருந்து நண்டு பிடிப்பது பற்றித் தெரிந்தவர்கள் உதவவும். கயாக்கின் நீளம் 3.3 மீட்டர், அகலம் 78 செ.மீ. இடம் ஒரு கழிமுகம். மணலும் சேறும் கலந்த தரை. வற்றத்தில் 2 மீட்டர், ஏற்றத்தில் மூன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு கரை முழுக்கக் கண்டல் மரங்கள். நடு ஓடையில் இழுவை அதிகம்.

கையில் இருப்பது பெரிய படகுக்காகச் செய்த இரும்புச் சட்டக் கூடு, 6 கிலோ. தரையிலிருந்து கிளப்பி மேலே கொண்டுவரும் வரை தொந்தரவில்லை. தண்ணீரை விட்டு வெளியே எடுக்கும் நேரத்தில் கயாக் சாய்ந்து விளிம்பு தண்ணீரைத் தொடுகிறது. கூடு கனமா, இழுக்கும் முறை தவறா? கயாக்குக்கு எந்தக் கூடு, எத்தனை வைத்துக்கொள்ளலாம்? கயிறு எவ்வளவு நீளம் விட வேண்டும்? ஓட்டத்தில் மிதவையை எந்தப் பக்கமிருந்து நெருங்குவது? பிடித்த நண்டைக் கயாக்கில் எங்கே போட்டு வைப்பது? எல்லாவற்றையும் ஒரே பதிவில் கேட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.


நீவாடு:

கூடும் கனம், முறையையும் மாற்ற வேண்டும். முதலில் கூட்டைப் பார்ப்போம்.

தண்ணீருக்குள் இருக்கும்வரை கூட்டின் எடையில் ஒரு பங்கைத் தண்ணீரே தாங்குகிறது. மேற்பரப்பைத் தாண்டியதும் முழு எடையும் கைக்கு வருகிறது. அதோடு வலையில் அப்பிய சேறு, பாசி, உள்ளே இருக்கும் நண்டு எல்லாம் சேரும். 6 கிலோ கூடு வெளியே வரும்போது 9, 10 கிலோ இருக்கலாம். அதை விளிம்புக்கு வெளியே கை நீட்டிப் பிடித்திருக்கிறீர்கள். எனவே கவிழும் ஆபத்து கடைசி அரை மீட்டரில்தான் இருக்கிறது. இருபது அடி ஆழத்திலிருந்து இழுத்தாலும் அந்த அரை மீட்டர்தான் கணக்கு.

கயாக்குக்கு மடக்குக் கூடு போதும். மெல்லிய கம்பிச் சட்டத்தில் நைலான் வலை கட்டி, இரண்டு அல்லது நான்கு பக்கம் உள்நோக்கிக் குறுகும் வாய் வைத்தது. வெறும் கூடு ஒன்று, ஒன்றரை கிலோ இருக்கும். அப்படியே போட்டால் ஓட்டத்தில் உருளும், உருளுகிற கூட்டுக்குள் நண்டு நுழையாது. அடிச்சட்டத்தின் நான்கு மூலையிலும் 150 முதல் 200 கிராம் ஈயம் ஒவ்வொன்று கட்டுங்கள். நான்கும் ஒரே எடையாக இருக்கட்டும். ஒரு மூலை மட்டும் கனமாக இருந்தால் கூடு சாய்ந்து இறங்கி, ஒரு வாய் தரையில் புதைந்து, எதிர் வாய் அந்தரத்தில் தொங்கும். மொத்தம் இரண்டு, இரண்டேகால் கிலோ வந்தால் உங்கள் கழிமுகத்துக்குச் சரியாக நிற்கும்.

கயிறு: ஏற்றத்தின்போது உள்ள ஆழத்தைக் கணக்கில் எடுங்கள், வற்றத்தை அல்ல. மூன்றரை மீட்டர் என்றால், ஓட்டம் மந்தமான இடத்தில் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக விடலாம். இழுவை உள்ள இடத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது ஐந்தேகால் மீட்டர். கயிறு குறைந்தால் ஓட்டம் மிதவையை அமுக்கித் தண்ணீருக்குள் கொண்டுபோய்விடும், ஓட்டம் நிற்கும்வரை கூடு எங்கே என்றே தெரியாது. கூடினால் வற்றத்தில் உபரிக் கயிறு மேலே பரவிக் கிடந்து அடுத்த படகின் விசிறியில் சிக்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும், நைலான் மூழ்கும். கையில் இருப்பது மிதக்கும் வகை என்றால் மிதவைக்கு ஒன்றரை மீட்டர் கீழே 50 கிராம் ஈயம் ஒன்றைக் கட்டுங்கள், உபரி கீழே தொங்கிவிடும். தடிமன் 6 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், 8 இன்னும் நல்லது. 4 மி.மீ. கயிறு தாங்கும், ஆனால் ஈரக்கையில் அறுக்கும்.

இனி இழுக்கும் முறை. ஓட்டம் இருக்கும்போது மிதவை எப்போதும் கூட்டுக்குக் கீழோட்டத்தில் கிடக்கும். நீங்களும் கீழோட்டத்திலிருந்து, கயாக்கின் அணியம் (முன்முனை) ஓட்டத்தைப் பார்த்தபடி மிதவையை நெருங்குங்கள். மிதவை உங்கள் முழங்காலுக்கு நேரே வரட்டும். இடுப்புக்குப் பின்னால் போய்விட்டால் எட்டிப் பிடிக்காதீர்கள், ஒரு சுற்றுப் போய்த் திரும்ப வாருங்கள். துடுப்பைக் கயாக்கோடு கட்டிய பட்டையில் விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் முதலில் நகர்வது கூடு அல்ல, கயாக். அது மெல்ல மேலோட்டத்தில் ஏறிக் கூட்டுக்கு மேலே வந்து நிற்கும். கயிறு செங்குத்தான பிறகு கூட்டைத் தரையிலிருந்து கிளப்புங்கள். அதன்பின் நீங்களும் கூடும் சேர்ந்தே மிதந்து போவீர்கள், கயிற்றில் இழுவை இருக்காது.

கயாக்கின் பக்கம் ஓட்டத்தைப் பார்த்து நிற்க, கயிறு மேலோட்டப் பக்க விளிம்பில் விறைத்திருக்க, கூடு தரையில் மாட்டியிருந்தால், அதுதான் கவிழ்க்கும் நிலை. கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கிறது, வருகிற தண்ணீர் அதே விளிம்பின் மேல் ஏறுகிறது. யோசிக்க நேரம் இருக்காது. உடனே கயிற்றை விட்டுவிட வேண்டும். விட முடிய வேண்டும் என்றால் கயிறு கையில் சுற்றியிருக்கக் கூடாது, கயாக்கின் எந்த வளையத்திலும் கட்டியிருக்கக் கூடாது.

கூடு கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே வைத்து இரண்டு மூன்று தடவை அலசுங்கள். சேறும் பாசியும் கரைந்து போகும், பாதிச் சுமை அங்கேயே குறைந்துவிடும். பிறகு எதிர்ப்பக்கக் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, உடம்பை அந்தப் பக்கம் சாய்த்து, கூட்டைக் கயாக்கின் மேனியோடு உரசியபடி தொடைமேல் வழுக்கி ஏற்றுங்கள். ஆகாயத்தில் தூக்க வேண்டாம். தலை விளிம்பைத் தாண்டி வெளியே போகாத வரை 78 செ.மீ. அகலம் உங்களைத் தாங்கும்.


கண்டல்வேர்:

நீவாடு சொன்னதுல மாத்துக் கருத்து இல்ல. நான் எங்க போடணும், எப்போ போடணும், இரை என்னன்னு மட்டும் சொல்றேன்.

நண்டு இரையைக் கண்ணால தேடுறதைவிட வாசனையாலதான் அதிகம் தேடும். வாசனை ஓட்டத்தோட கீழ்நோக்கிப் போகும், நண்டு அதே வழியில எதிரேறி வரும். அதனால மூணு கூட்டையும் ஓட்டத்துக்கு நேர்கோட்டுல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா போட்டா, கீழேயிருந்து வர்ற நண்டு முதல்ல சந்திக்கிற கூட்டுலயே நின்னுடும். மேலே இருக்கிற ரெண்டும் சும்மா கிடக்கும். ஓட்டத்துக்குக் குறுக்கே, 30லிருந்து 40 மீட்டர் இடைவெளி விட்டுப் போடுங்க. ஓடை அவ்வளவு அகலம் இல்லைன்னா ஒண்ணு இந்தக் கரை, ஒண்ணு அந்தக் கரை, மூணாவது கொஞ்சம் தள்ளி.

மூணுக்கு மேல வேண்டாம். மூணாவதைப் போட்டு முடிச்சுத் திரும்புறப்போ முதல் கூடு எடுக்கிற பதத்துக்கு வந்துகிட்டு இருக்கும். அஞ்சு கூடு வச்சா துடுப்புப் போட்டே கை ஓஞ்சுடும், ஓஞ்ச கையோட கூடு தூக்குறதுதான் ஆபத்து.

இடம் பார்க்கிறப்போ நடு ஓடையை விட்டுடுங்க. ஆழம் திடீர்னு மாறுற விளிம்பு, கிளை ஓடை வந்து சேர்ற வாய், கண்டல் வேருக்கு நாலஞ்சு மீட்டர் வெளியே இருக்கிற சேத்துச் சரிவு, இதெல்லாம் களி நண்டு நடமாடுற வழி. நீலக்கால் நண்டு வேணும்னா மணல் தரையும் கடல்புல்லும் சேர்ற ஓரம். வேருக்குள்ளேயே கூட்டைத் திணிக்காதீங்க. நண்டு வரும், கூடு வராது.

நேரம்: ஏத்தம் முடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால ஆரம்பிச்சு, தண்ணி நின்னு, வத்தம் வேகம் பிடிக்கிற வரைக்கும். அப்போ நண்டும் வெளியே மேயும், உங்க கயாக்கும் சொன்ன பேச்சு கேக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல ஏத்த வத்தம் பெருசு, இழுவையும் பெருசு, தண்ணி நிக்கிற நேரம் ரொம்பக் குறைவு. புதுசா பழகுறவங்க அஷ்டமி நவமிக்கு அப்புறம் வர்ற ஒண்ணு ரெண்டு நாள்ல போறது நல்லது, தண்ணி மந்தமா இருக்கும். பெரிய மழை பெஞ்சு ஓடையில நன்னீர் இறங்கிட்டா மேல் ஓடையில தேடாதீங்க. உப்பு இருக்கிற பக்கமா, முகத்துவாரத்தை நோக்கி நண்டு இறங்கியிருக்கும்.

இரைக்கு எண்ணெய்ச் சத்துள்ள மீனோட தலையும் முள்ளும் நல்லது. தலையை ரெண்டாப் பிளந்து வச்சா வாசனை சீக்கிரம் இறங்கும். கோழிக்கால் வாசனை மெதுவா விடும், ஆனா தோல் உறுதி, லேசுல பிய்யாது. ரெண்டையும் சேர்த்து வைக்கிறது என் கட்சி. நாத்தம் பிடிச்ச இரைதான் இழுக்கும்னு சொல்றவங்க இருக்காங்க. நண்டு விஷயத்துல அது வேண்டாம். புது இரை, இல்லைன்னா உப்புப் போட்டு இறுகின மீன் தலை. அழுகினது தண்ணியில கரைஞ்சு உதிர்ந்துடும், கூட்டுல சங்கும் நத்தையும்தான் ஏறி உக்காந்திருக்கும்.

இரையைக் கூட்டோட நட்ட நடுவுல, தரையைத் தொடாம கட்டணும். ஓரத்துல கட்டினா நண்டு வெளியே நின்னுக்கிட்டே வலைக்கண் வழியா கொடுக்கை விட்டுப் பிச்சுத் தின்னுட்டுப் போயிடும்.


துடுப்புக்கை:

வளைய வலையை யாரும் சொல்லவில்லை. கயாக்குக்கு அதுவும் பொருத்தம், சுருட்டினால் இடமே அடைக்காது. இரண்டு வளையம், நடுவே பை போல வலை. தரையில் தட்டையாகப் படுத்திருக்கும், இழுத்தால் கிண்ணமாகும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்க வேண்டும், ஏனென்றால் நண்டைத் தடுக்க அதில் சுவரே கிடையாது. இரை தீர்ந்தால் கிளம்பிவிடும்.

தூக்கும்போது தொய்வை மெதுவாகச் சுருட்டி, கயிறு செங்குத்தானதும் ஒரே வெட்டில் கிளப்பி, நடுவில் நிறுத்தாமல் மேலே கொண்டுவர வேண்டும். மேலே போகும்போது எதிர்க்கிற தண்ணீர்தான் நண்டை வலையின் அடியில் அழுத்தி வைக்கிறது. அரை விநாடி கை நின்றால் அந்த அழுத்தம் போய்விடும், நீந்தும் நண்டு பக்கவாட்டில் வெளியேறிவிடும். கூட்டில் இந்த அவசரம் இல்லை, நிதானமாக இழுக்கலாம். கயாக்குக்குப் புதியவர்களுக்குக் கூட்டைச் சொல்வது இதனால்தான்.

கூட்டை எறிந்து போடாதீர்கள். சுழன்று தலைகீழாக விழும், கயிறு கூட்டின் வாயைச் சுற்றும். தண்ணீரில் வைத்து, கயிற்றைக் கையால் விட்டு விட்டு, தரையைத் தொட்டது விரலில் தெரிந்த பிறகு மீதிக் கயிற்றையும் மிதவையையும் விடுங்கள். மூன்று கூட்டின் கயிறும் மூன்று தனிப் பையில் இருக்கட்டும். இழுத்த கயிறு மடியில் வளையம் வளையமாகக் கிடக்கக் கூடாது. காலுக்கிடையே ஒரு வாளி வைத்து, இழுக்க இழுக்க அதற்குள் விழ விடுங்கள். கவிழ்ந்தால் கணுக்காலில் மாட்டுவது இந்தத் தளர்ந்த கயிறுதான்.

உயிர்காப்புச் சட்டையின் மார்புப் பக்கத்தில், எந்தக் கையாலும் எட்டும்படி முனை மழுங்கிய கத்தி ஒன்று. விசில் ஒன்று. கூடு வாங்குவதற்கு முன்பே, இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிய ஆழத்தில் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, திரும்ப ஏறப் பழகியிருக்க வேண்டும். வாளி, கூடு, பை எல்லாம் கட்டிய நிலையில் ஒருமுறை செய்து பாருங்கள். வெறும் கயாக்கை நிமிர்த்துவது வேறு, சரக்கோடு நிமிர்த்துவது வேறு.

ஓட்டம் அளவுக்கு மேல் போகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மிதவையைப் பிடித்தபடி நின்று அணியத்தின் பக்கம் ஒரு இலையைப் போடுங்கள். 3.3 மீட்டர் நீளத்தை அது 4 விநாடியில் கடந்தால் ஓட்டம் மணிக்கு ஏறக்குறைய 3 கி.மீ. அந்த வேகத்திலும் அதற்கு மேலும் கூட்டை இழுக்காதீர்கள், தண்ணீர் நிற்கும்வரை காத்திருங்கள்.

முதலை இருக்கிற ஓடை என்றால் கயாக்கே வேண்டாம். நீவாடு சொன்ன காலைத் தொங்கவிடும் முறையெல்லாம் முதலை இல்லாத இடத்துக்கு மட்டும்.


முகத்துவாரம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இங்கே முதலை கிடையாது. மூன்று மடக்குக் கூடு, 8 மி.மீ. நைலான் கயிறு என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். கூடு தரையில் மாட்டிக்கொண்டால் கயாக்கில் இருந்துகொண்டு எப்படி விடுவிப்பது? இன்னொன்று, இழுக்கும்போதே கதவு மூடிக்கொள்ளும் கூடும் கிடைக்கிறது, தட்டையாக விரிந்து கிடக்கும் வகை. அது நல்லதா?


நீவாடு:

மாட்டினால் பலம் போட வேண்டாம். கயாக்கில் இருப்பவருக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை, போடும் பலம் முழுக்க விளிம்பைத்தான் அமுக்கும். கயிற்றைத் தளர்த்திக்கொண்டு கூட்டைத் தாண்டி மேலோட்டத்துக்குப் போங்கள், எந்தப் பக்கமிருந்து வந்து மாட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் மிதவையை விட்டுவிட்டு வற்றம் முடிந்து தண்ணீர் நிற்கும் நேரத்தில் வாருங்கள். ஒன்றரை மீட்டர் குறைந்திருக்கும், எதில் மாட்டியிருக்கிறது என்றுகூடத் தெரியலாம். கயிற்றை அறுப்பது கடைசி வழி. உயிருக்கு ஆபத்து என்றால் அதையே முதலில் செய்யுங்கள்.

அறுபட்ட கூடு தண்ணீருக்கடியில் சும்மா இருக்காது. இரை தீர்ந்த பிறகும் நண்டு நுழையும், வெளியேற முடியாமல் சாகும், செத்த நண்டே அடுத்த நண்டுக்கு இரையாகும். இது நிற்க வேண்டுமானால் கூட்டில் ஒரு பக்க வலையைச் சட்டத்தோடு நைலானில் கட்டாமல், மெழுகோ தாரோ பூசாத பருத்தி நூலில் கட்டிவையுங்கள். கூடு தொலைந்தால் நூல் உப்புத் தண்ணீரில் மக்கி அறுந்து, அந்தப் பக்கம் திறந்துவிடும். பயன்பாட்டில் இருக்கும் கூட்டில் அந்த நூலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலைக்குச் சலிக்கக் கூடாது.

கதவு விழும் கூடு பற்றி: தட்டையான, ஓட்டமில்லாத மணல் தரையில் அது மிக நன்றாக வேலை செய்யும். கயிறு தளர்ந்தால் கதவுகள் தரையில் விரியும், விறைத்தால் மூடும். அதன் குறையும் இதிலேயே இருக்கிறது. ஓட்டம் மிதவையை இழுத்தாலோ, அலையில் மிதவை குதித்தாலோ கயிறு விறைத்து, கதவு பாதி மூடியே நிற்கும். சரிவில் விழுந்தால் மேட்டுப்பக்கக் கதவு திறக்கவே செய்யாது. உங்கள் இடத்தில் இழுவையும் இருக்கிறது, சேற்றுச் சரிவும் இருக்கிறது. குறுகும் வாய் வைத்த கூடே சரி.


ஓட்டுக்குள்ளே:

நண்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. அதோடு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டியில் வைக்க நினைப்பீர்கள். வேண்டாம். கையில் உயிருள்ள நண்டோடு இடுப்பைத் திருப்பிப் பின்னால் கை நீட்டுவது, கூடு தூக்குவதற்கு அடுத்தபடி கயாக்கை ஆட்டுகிற வேலை. மூடியுள்ள 15, 20 லிட்டர் வாளியைப் பாதத்துக்கு முன்னால், ரப்பர்க் கயிற்றால் கட்டி வையுங்கள். மூடி வாளியோடு ஒரு நூலில் தொங்கட்டும், பறந்து போகாது. அடியில் 5 மி.மீ. அளவில் ஏழெட்டு ஓட்டை. கடல்நீரில் நனைத்த சணல் சாக்கைக் கீழே ஒரு மடிப்பு, மேலே ஒரு மடிப்பு.

வாளியில் தண்ணீர் ஊற்றி நண்டைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தேங்கிய தண்ணீரில் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனை நான்கைந்து நண்டு சேர்ந்து வேகமாகத் தீர்த்துவிடும், பிறகு மூச்சுமுட்டிச் சாகும். செவுள் ஈரமாக இருந்தால் போதும், காற்றிலேயே தாக்குப்பிடிக்கும். களி நண்டு நிழலிலும் ஈரத்திலும் நெடுநேரம் இருக்கும். நீலக்கால் நண்டுக்கு அந்த உறுதி கிடையாது. அதற்கு ஐஸ் வேண்டும், ஆனால் ஐஸ் உருகிய நன்னீரில் அது ஊறக் கூடாது. ஐஸ், அதன்மேல் ஈரச்சாக்கு, அதன்மேல் நண்டு என்று அடுக்கி, உருகும் தண்ணீர் கீழே வடிய விடுங்கள். குளிர்ந்த நண்டு அடங்கிவிடும், ஒன்றையொன்று கடிக்காது. களி நண்டைக் கொடுக்குக் கட்டாமல் ஒரே வாளியில் போட்டால் கரை சேரும்போது பாதிக்குக் கொடுக்கு இருக்காது.

வலைப்பையில் போட்டுப் பக்கவாட்டில் தொங்கவிடுவதும் கூடாது. இழுவை கூடும், கால் உடையும்.

பிடிக்கும் விதம்: பின்பக்கத்திலிருந்து, கடைசிக் கால்கள் உடம்போடு சேரும் இடத்தில், கட்டைவிரல் அடியிலும் மற்ற விரல்கள் ஓட்டின் மேலும் இருக்கட்டும். கயாக்கில் 30 செ.மீ. நீள இடுக்கி இருந்தால் கையே வேண்டாம். கடித்துவிட்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் கொடுக்கைக் கழற்றிவிட்டு நண்டு போய்விடும், கழன்ற கொடுக்கு விரலை விடாது. கையை நண்டோடு தண்ணீருக்குள் வைத்து அசையாமல் இருங்கள், தப்பிக்க வழி கண்டதும் பெரும்பாலும் தானே விட்டுவிடும். கழன்ற கொடுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அசையும் விரலை மட்டும் பின்னுக்கு வளைத்து எடுங்கள்.

இனி பொறுக்குவது. நண்டைப் புரட்டிப் பாருங்கள். வயிற்று மடல் ஒடுக்கமாக, கூராக இருந்தால் ஆண். அகன்று, அரைவட்டமாக இருந்தால் முதிர்ந்த பெண். அந்த மடலுக்கடியில் பஞ்சுபோல் முட்டைத்திரள் இருந்தால் சினை நண்டு. முதலில் ஆரஞ்சு நிறமாக இருந்து, பொரிக்கும் காலம் நெருங்க நெருங்கப் பழுப்பு, கறுப்பு என்று மாறும். எந்த நிறமானாலும், உங்கள் பகுதியில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை அந்த இடத்திலேயே தண்ணீரில் இறக்கிவிடுங்கள். எறியாமல், கையால் இறக்கி. ஒரு நண்டின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது.

அளவு: ஓட்டின் அகலத்தை அளக்க வேண்டும், காலை விரித்து அளப்பதில் அர்த்தமில்லை. பக்கவாட்டு முள்நுனியிலிருந்து முள்நுனி வரை அளப்பதா, முள்ளை விட்டு அதற்கு முன்னால் அளப்பதா என்பது இடத்துக்கு இடம், நண்டுக்கு நண்டு மாறும். உங்கள் பகுதி விதியைப் பார்த்து, அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டிக் கயாக்கில் கட்டிவிடுங்கள். ஆடும் கயாக்கில் ஸ்கேலில் எண் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எத்தனை கூடு, மிதவையில் பெயர் எழுத வேண்டுமா, இரவு முழுக்கக் கூட்டை விடலாமா என்பதையும் அதே விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஓட்டின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வளைந்தால் சமீபத்தில் தோல் உரித்த தண்ணி நண்டு. உரித்ததும் புது ஓட்டை விரிக்க உடம்பில் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும், சதை வந்து நிறைய நாளாகும். பார்க்கப் பெரிதாக, பளபளவென்று, அடிவயிறு வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆசைப்பட்டு எடுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அடிப்பக்கம் மங்கி, கறை படிந்து, ஓட்டில் ஓரிரண்டு கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) ஒட்டியிருக்கிற நண்டுதான் கையில் கனக்கும்.


முகத்துவாரம்:

அருமை. கடைசியாக ஒன்று. கூட்டைத் தூக்கினால் இரை சுத்தமாகக் காலி, உள்ளே நண்டு இல்லை. இது எதனால்?


கண்டல்வேர்:

இரை மிச்சமிருக்கிற முள்ளைப் பாருங்க. முள் மட்டும் வெள்ளையா நின்னு, சதை சின்னச் சின்னதா கொத்தினாப்புல போயிருந்தா மீன் வேலை, பேத்தை மாதிரி சின்ன மீன். முள்ளே உடைஞ்சு, கட்டின நூலும் அறுந்திருந்தா நண்டு வந்து, தின்னுட்டு, வெளியேயும் போயிருக்கு. அதாவது கூட்டை ரொம்ப நேரம் விட்டிருக்கீங்க. இரை இருக்கிற வரைக்கும்தான் நண்டு உள்ளே நிக்கும், அப்புறம் வந்த வழியைத் தேட ஆரம்பிக்கும். வாய் அகலமா இருந்தா கண்டுபிடிச்சுடும். 25 நிமிஷத்துக்கு ஒருதரம் எடுங்க, உள் வாய் தொங்காம இறுக்கிக் கட்டியிருக்கான்னும் பாருங்க.

மீன் தொல்லைன்னா இரையை 12 மி.மீ. கண் உள்ள கம்பிவலையில பொட்டலமா மடிச்சுக் கட்டுங்க. ஓட்டை போட்ட டப்பாவுக்குள்ள இரையை வைக்கிறவங்களும் இருக்காங்க. கூட்டுக்கு அது ஒத்துவரும், வாசனைக்கு உள்ளே வந்த நண்டு வாய் ஒடுக்கத்தால நின்னுடும். துடுப்புக்கை சொன்ன வளைய வலைக்கு அது ஆகாது. தின்ன ஏதாவது கிடைச்சாதான் நண்டு அதுல உக்காரும்.


துடுப்புக்கை:

ஒன்று சேர்க்கிறேன். கூட்டிலிருந்து நண்டைக் கொட்டும்போது வலையைப் பற்றிக்கொண்டு வராது. பிடித்து இழுத்தால் கால்தான் கையில் வரும். கூட்டை வாளிக்கு மேலே தலைகீழாகப் பிடித்து ஆட்டாமல் சற்று நேரம் வைத்திருங்கள். ஆட்டினால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், ஆட்டம் நின்றால் தானே நகரப் பார்க்கும், அப்போது விழும். விழாததை ஒரு சிறு குச்சியால் காலின் நுனியை வலைக்கண்ணிலிருந்து தள்ளிவிடுங்கள். இதையெல்லாம் அணியம் ஓட்டத்தைப் பார்த்திருக்கும்போது, அருகே பெரிய படகு எதுவும் வராதபோது செய்யுங்கள். படகின் அலை வருகிறது என்றால் முதலில் கூட்டைக் காலுக்கிடையே இறக்கி, துடுப்பைக் கையில் எடுத்து, அலைக்கு நேரே திரும்பிக்கொள்ளுங்கள். நண்டு கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், அலை போன பிறகு எடுக்கலாம்.